வாசிக்கும் பெட்டி

கொடைக்கானல்
4 நவம்பர் 2024

அன்புள்ள பென்சன்,

உன் போன் எண் பதினாறு நாட்களாக உபயோகத்தில் இல்லை என்கிறது. போன வருடம் உனக்கு மலைப்பூண்டு அனுப்பிய கூரியர் ரசீதைத் தேடி எடுத்து, அதிலிருந்த கொல்கத்தா முகவரிக்கு இதை எழுதுகிறேன். கிளப் இன்னும் உன்னை அதே வீட்டில்தான் வைத்திருக்கிறது என்று நம்புகிறேன்.

கடிதம் என்றாலே விடுதி நினைவுக்கு வருகிறது. அப்போது நம் வீடு பண்ணைக்காட்டில் இருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு எழுத உட்கார வைப்பார்கள். வார்டன் படித்த பிறகுதான் உறையை ஒட்டலாம். அதனால் நீயும் நானும் நலத்தையும் மழையையும் தவிர வேறெதையும் எழுதியதில்லை. இதை யாரும் படிக்கப் போவதில்லை. இருந்தும் கை பழைய இடத்திலேயே நிற்கிறது.

நீ இருபது வினாடி வீடியோவாகப் பார்த்தது முழுதாக இப்படித்தான் நடந்தது. அக்டோபர் 19, சனிக்கிழமை, கோயிலில் நவநாள் ஜெபம். உபதேசியார் பெட்டியிலிருந்து விண்ணப்பச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசித்துக்கொண்டிருந்தார். மூட்டுவலி நீங்க. நிலப் பத்திரம் கைக்கு வர. நீட் தேர்வில் வெற்றி பெற. ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றார்கள். ஏழாவதோ எட்டாவதோ இது: "வெளியூரில் பந்து விளையாடும் எங்கள் வீட்டுப் பிள்ளை, தான் நேசிக்கும் ஆணோடு பயமில்லாமல் வாழ ஓர் இடம் கிடைக்க."

அவர் பொருள் பார்த்து வாசிக்கிறவர் அல்ல. முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்பது அவருக்கு எட்டியது. அதற்குள் பாதிப் பேர் பழக்கத்தில் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டார்கள். மீதிப் பேர் சொல்லவில்லை. சீட்டில் பெயர் இல்லை. ஆனால் இந்த மலையிலிருந்து போய்க் கால்பந்தாடிச் சம்பளம் வாங்குகிறவன் நீ ஒருவன்தான். கொரோனா காலத்தில் தொடங்கிய நேரலை இன்னும் ஓடுகிறது. யாரோ அந்த இருபது வினாடியை வெட்டினார்கள், யாரோ ஆங்கிலத்தில் வரி போட்டார்கள்.

அப்பாவைப் பற்றிக் கேட்பாய். டாக்ஸி ஸ்டாண்டில் திருமலைச்சாமி கேட்டிருக்கிறார்: "அலெக்சாண்டரண்ணே, பின்கண்ணாடியில என்னமோ ஒட்டிக் கெடக்கே, பாத்தீங்களா?" அப்பா, "ஆமா, எம் மகன் பேரு. மூணு அவன் ஜெர்ஸி நம்பரு" என்றாராம். நல்ல பதில்தான். ஆனால் அன்று முதல் வண்டியின் பின்புறம் சுவரைப் பார்க்கும்படிதான் நிறுத்துகிறார்.

அம்மாவிடம் நீ போனில் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்ல மாட்டேன் என்கிறாள். அந்தச் சீட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று முடியவில்லை.

ஆக்ஸிலியா


கொல்கத்தா
17 நவம்பர் 2024

அக்கா,

கடிதம் வந்தது. நீ அனுப்பியதில் பூண்டு நாற்றம் இல்லாத முதல் கவர் இதுதான்.

அம்மாவைப் பற்றி எனக்கு எழுதாதே. போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் இரண்டு பேரிடம் மட்டும்தான் சொன்னேன், அடுப்படியில் வைத்து. நீ கேட்டுவிட்டு என் தட்டில் இன்னொரு ஆப்பம் வைத்தாய். அம்மா ஜெபமாலையைத் தேடினாள். வாராவாரம் பெட்டியில் சீட்டு போடுகிறவளும் அவள்தான். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

இங்கே யாரும் என்னை அடிக்கவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு நீ தூங்காமல் இருக்க வேண்டாம். பயிற்சி முடிந்ததும் ஐஸ் தொட்டியில் மூன்று மூன்று பேராக இறங்குவோம். இப்போது நான் இறங்கினால் மற்ற இரண்டு பேருக்கும் போன் வந்துவிடுகிறது. அவ்வளவுதான். கேப்டன் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல, நீயா வெளிய எதுவும் பேசிராத" என்றான். எல்லோரும் இதையே சொல்கிறார்கள். யாருக்கும் பிரச்சினை இல்லையாம். அப்படியென்றால் தொட்டி ஏன் காலியாகிறது?

மேனேஜர் ஒரு பெண்ணோடு படம் போடச் சொன்னார். என்னிடம் இருப்பது அக்காவோடு ஏரிக்கரையில் எடுத்தது மட்டும்தான் என்றேன். "அதையே போடு, யாருக்குத் தெரியப் போகுது" என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

நான் லெஃப்ட் பேக், இடது ஓரத்தைக் காக்கிறவன். ஒரு பாதி முழுக்க எங்கள் கோச்சின் ஓரமாக ஓடுவேன். மறு பாதி கேலரியின் ஓரம். கோச் பக்கம் இருக்கும் பாதியில் அவர் என் பெயரைச் சொல்லிக் கத்துவதை நிறுத்திவிட்டார். கேலரி பக்கம் நிறுத்தவே மாட்டேன் என்கிறார்கள். பெங்காலியில் கத்தினால் மதராஸிக்குப் புரியாது என்று நினைப்பு. ஆறு வருடத்தில் அரிசி விலை கேட்கத் தெரியவில்லை என்றாலும் அந்தச் சொற்கள் எல்லாம் தெரியும். டிரெஸ்ஸிங் ரூமில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்ட சொற்கள்தான். பாஸ் தப்பினால் அது. அழுதால் அது. கிரீம் தடவினால் அது. நானும் சொல்லியிருக்கிறேன், மற்றவர்களைவிடச் சத்தமாக.

சீட்டைப் பற்றி நீ என்ன சொல்லப் போகிறாய்? சொல்லிவிடு.

பென்சன்


கொடைக்கானல்
8 டிசம்பர் 2024

அன்புள்ள பென்சன்,

அந்தச் சீட்டை எழுதியது நான்.

இந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பிவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். காரணம் சொன்னால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகிவிடும். இருந்தாலும் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

கோயிலில் இரண்டு பெட்டிகள் இருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நம் சிறு வயதில் வலதுபுறம் இருந்தது மைக்கில் வாசிக்கும் பெட்டி. இடதுபுறம் இருந்ததில் போடும் சீட்டுகளை யாரும் பிரிப்பதில்லை. மாதக் கடைசியில் பீடத்தின் முன்னால் வைத்து அப்படியே எரித்துவிடுவார்கள். வெளியே சொல்ல முடியாதவற்றை எழுதுகிறவர்களுக்கு அது. சிறு வயதிலிருந்து நான் போட்டதெல்லாம் அந்த இடதுபுறப் பெட்டியில்தான். நான் கோயிலுக்குப் போவதைக் குறைத்து ஐந்து வருடமாகிறது. திருவிழாவுக்கு வெள்ளையடித்தபோது பெட்டிகளை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். மேலே பெரிய எழுத்தில் எழுதியும் இருக்கிறது. பள்ளி நூலகத்தில் நாள் முழுக்கப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவள், தலைக்கு நேரே இருந்ததைப் படிக்கவில்லை.

ஏன் எழுதினேன்? நீ அடுப்படியில் சொன்ன அன்று நான் ஆப்பம் வைத்தேன் என்கிறாய். உண்மையில் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இதைப் பற்றிப் பத்துப் புத்தகமாவது படித்திருப்பேன். ஒரு சொல்கூட வாய்க்கு வரவில்லை. பத்து மாதமாகச் சொல்ல வராததை எரியப் போகிற ஒரு தாளில் எழுதினால் போதும் என்று நினைத்தேன்.

"என் தம்பி" என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு, எரியப் போகிற தாளாயிற்றே என்றுகூட நினைக்காமல், அதைக் கிழித்துவிட்டு "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று மாற்றினேன். எனக்கு என்னை மறைத்தே பழக்கம். அந்த மாற்றத்தால்தான் நீ அம்மாவை நினைத்தாய். அவள் மறுக்கவில்லை. நானும் ஏழு வாரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அம்மாவுக்குப் போன் செய். எனக்கு வேண்டாம்.

ஆக்ஸிலியா


கொல்கத்தா
12 ஜனவரி 2025

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு முன்பே உன் கடிதம் வந்துவிட்டது. பதில் எழுதப் பிடிக்கவில்லை.

அம்மாவிடம் நான் சொன்னது என்ன என்று கேட்டிருந்தாய். எழுதுகிறேன், நீயும் கொஞ்சம் சுமந்துகொள். "என் பொணத்தப் பாக்கக்கூட வராத" என்றேன். அவள், "சரிப்பா, சாப்ட்டியா?" என்றாள். நான் வைத்துவிட்டேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அம்மாமேல் வந்த மாதிரி வரவில்லை. அதுவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

மூன்று ஆட்டமாகப் பெஞ்சில் இருக்கிறேன். டெக்னிக்கல் காரணம் என்று சொன்னார்கள். இரண்டு வருடமாக என்னோடு இருந்தவன், அடுப்படியில் சொன்னேன் அல்லவா, அவன் போய்விட்டான். அவன் வேலை பார்க்கும் இடத்தில் தெரிந்துவிடும் என்று பயம். போகும்போது என் பூட்ஸைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதை எதற்குத் துடைத்தான் என்று தெரியவில்லை. ஆடுகிறவனுக்குத்தானே அழுக்காகும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மாநில அணி முகாமில் என்னோடு இருந்த செல்வமுருகனை உனக்குத் தெரியும், வத்தலக்குண்டுக்காரன். மெதுவாகப் பேசுவான். முகாமில் அவனுக்கு நாங்கள் ஒரு பெண் பெயர் வைத்தோம். வைத்தது நான். எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை என்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பதினெட்டு நாளில் முகாமை விட்டுப் போய்விட்டான். என்னைவிட நன்றாக ஆடுவான். அவன் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான் என்று கேள்வி. போய்ப் பார். என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதாக ஏதாவது சொல்.

பென்சன்


கொடைக்கானல்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பென்சன்,

செல்வமுருகன் கடைக்குப் போன வாரம் போனேன். வெள்ளனே பஸ் ஏறி, காட் ரோடு முழுக்கச் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். கடையில் அவர் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். உன் அக்கா என்றதும் டீ சொன்னார். நீ எழுதியதை அப்படியே சொன்னேன், பெயர் வைத்தது நீதான் என்பது உட்பட.

"தெரியும்க்கா. அவன் வெச்சான்னு தெரியும். குரல் கேட்டுச்சுல்ல" என்றார்.

பிறகு, "இந்த வீடியோவ எனக்கு அம்பது பேரு அனுப்புனாய்ங்க. நான் ஒருத்தனுக்கும் அனுப்பல. அதச் சொல்லிருங்க" என்றார்.

அவருக்கு மணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. "நான் அப்படிக் கெடையாதுக்கா. அன்னைக்கும் கெடையாது. பேச்சு மெதுவா வரும், அம்புட்டுதான். கெடையாதுன்னு சொன்னா விட்டுருவாய்ங்களான்னு அப்ப நெதமும் யோசிப்பேன். சொல்லிருந்தா இன்னும் சிரிச்சிருப்பாய்ங்க" என்றார். கிளம்பும்போது நிறுத்தி, "மறந்துட்டேன்னு அவன்ட்ட சொல்லிருங்க. மறக்கல. ஆனா அப்படிச் சொல்லிருங்க" என்றார்.

உன்னிடம் இனி எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் காலிஃபிளவர் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, அந்தச் சீட்ட எழுதுனது நானு."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. பூசை முடிஞ்சதும் உபதேசியார் என் கையில குடுத்துட்டாரு. ஒன் எழுத்து எனக்குத் தெரியாதாக்கும்?"

"அப்புறம் ஏம்மா அவன்ட்ட சொல்லல? ஒன்னையப் போயி அம்புட்டு வைஞ்சிருக்கான்."

கத்தியைக் கீழே வைக்காமல் சொன்னாள்: "என்னைய வைஞ்சா என்னைக்காச்சும் திரும்பி வருவான். ஒன்னையும் வெறுத்துட்டா அவனுக்குப் பேசறதுக்கு ஆரு இருக்கா? சோலியப் பாரு."

அவள் இன்னும் உனக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டதுபோலத்தான் நினைக்கிறாள், பென்சன். மருந்து இருக்குமா என்று போன மாதம் என்னைக் கேட்டாள். நீ ஆடுவதை நிறுத்தினால் சரியாகிவிடுமா என்றும் கேட்டாள். இதையும் மறைக்கவில்லை. அவள் உன்னைக் காப்பாற்றியது புரிந்ததால் அல்ல. புரியாமலேதான் செய்தாள்.

ஆக்ஸிலியா


கொல்கத்தா
27 ஏப்ரல் 2025

அக்கா,

கடைசி ஆட்டம் முடிந்தது. காண்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. இருபத்தாறு வயது லெஃப்ட் பேக்குக்கு வேறு கிளப் கிடைக்காமல் போகாது. ஆறு இடத்தில் கேட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. "டிரெஸ்ஸிங் ரூம் சூழ்நிலை" என்றார் ஒருவர். மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை.

கடைசி ஆட்டத்தில் பதினோரு நிமிடம் இறக்கினார்கள். கேலரி பக்கம்தான். த்ரோ எறியப் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டில் நின்றேன். கேலரி வழக்கம்போல் தொடங்கியது. யாராவது ஒருவன் அசைந்து வந்து பந்து கேட்க வேண்டும். யாரும் வரவில்லை. எங்கள் அணியின் பத்துப் பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, அக்கா. அது எனக்குத் தெரியும். என் பக்கத்தில் வந்து நின்றால் அந்தச் சத்தம் அவர்கள்மேலும் விழும், அவ்வளவுதான். முகாமில் நானும் அப்படித்தானே நின்றேன். நடுவர் கைக்கடிகாரத்தைக் காட்டி வெரசா எறி என்றார். எதிர் அணிக்காரன் காலிலேயே எறிந்தேன்.

செல்வமுருகன் சொன்ன இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

அம்மாவோடு ஈஸ்டர் அன்று பேசினேன். "சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. அதோடு இரண்டு பேரும் போனை வைத்துவிட்டோம். எழுதினால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

ஊருக்கு வரலாம் என்று நினைக்கிறேன். கோச்சிங் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். உன் பள்ளியில் பந்துப் பயிற்சியாளர் இடம் காலியாக இருக்கிறது என்று போன வருடம் சொன்னாய். கேட்டுப் பார். பனிமூட்டத்தில் பந்து தெரியாமல் ஆடப் பழகியவன் நான், அந்த மைதானத்தில் யாருக்கும் என்னைவிட நன்றாகச் சொல்லித்தர முடியாது.

இன்னொன்று. கோயிலில் எனக்காக ஒரு சீட்டு போடு. இந்தத் தடவை வாசிக்கும் பெட்டியில், மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம். எல்லோரும் எழுதுகிற மாதிரி எழுது: "அலெக்சாண்டர் மகன் பென்சனுக்கு வேலை கிடைக்க." என் பெயரைச் சத்தமாக வாசித்தால் நான் வரலாம் என்று அர்த்தம். பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் போடு.

பென்சன்


கொடைக்கானல்
6 ஜூன் 2025

அன்புள்ள பென்சன்,

பதில் எழுதத் தாமதித்ததற்கு சீசன் கூட்டத்தைக் காரணம் சொல்ல மாட்டேன். நல்லது ஏதாவது நடந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பள்ளியில் கேட்டேன். உன் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு நிர்வாகி பாராட்டினார். "எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்ல, சிஸ்டர் மாதிரி நினைச்சுச் சொல்றேன். பேரண்ட்ஸ் என்ன சொல்வாங்கன்னு பாக்கணும்ல" என்றார். ஆறு வருடம் உன்னைக் குழந்தைகளிடம் காட்டி, அந்த மைதானத்தில் ஓடியவன் என்று சொல்லிக்கொண்ட பள்ளி. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. காலியாகவே வைத்திருப்பார்கள் போல.

சீட்டு. மே 3ஆம் தேதி நீ சொன்ன சொற்களை அப்படியே எழுதி, மேலே எழுதியிருந்ததை இரண்டு முறை படித்து, பெட்டியில் போட்டேன். அன்று அம்மாவோடு நானும் உட்கார்ந்தேன். உபதேசியார் ஒவ்வொன்றாக வாசித்தார். உன் சீட்டு வந்ததும் எனக்குத் தெரிந்தது, நூலகத்தின் மஞ்சள் தாளில்தான் எழுதியிருந்தேன். இப்போதெல்லாம் அவர் வாசிக்கும் முன்பு கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்ததை வாசித்தார். குழந்தை வரம் வேண்டி.

முடிந்ததும் அம்மா நேராக அவரிடம் போனாள். "ஒண்ணு விட்டுப்போச்சுங்க" என்றாள்.

"தெரியும்மா."

"வேலைதானங்க கேட்டுருக்கு. வேற ஒண்ணும் எழுதலையே."

"எழுதலதான். பேரு இருக்குல்லம்மா. வாசிச்சா மறுபடி வீடியோவா வெட்டிப் போடுவாய்ங்க. ஒங்க நல்லதுக்குத்தான்." சீட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. கெட்டவர் இல்லை. யாருமே கெட்டவர்களாக இல்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மா என்னை இன்னொன்று எழுதச் சொன்னாள். அதுவும் திரும்பி வந்தது. ஐந்து வாரம், ஐந்து சீட்டு. அவளுடைய ஜெபப் புத்தகத்துக்குள் அடுக்கி வைத்திருக்கிறாள். அப்பா எங்களை வண்டியில் கொண்டுவந்து விடுவார், உள்ளே வர மாட்டார். வண்டியை இன்னும் சுவரைப் பார்க்கத்தான் நிறுத்துகிறார். உன் பெயரை மட்டும் சுரண்டவில்லை. போன வாரம் ஒரு ஓரம் பெயர்ந்திருந்ததைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது சனிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அன்றும் மஞ்சள் தாள் வந்தது, மடிந்தது, பைக்குள் போனது. அடுத்த சீட்டை எடுக்கும் இடைவெளியில், யாரும் எதுவும் வாசிக்காதபோது, அம்மா சத்தமாக "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றாள். தனிக் குரல். முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் கை பெட்டிக்குள்ளேயே நின்றது. அவள் ஜெபமாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவளோடு சேர்ந்து சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. மூன்று சொல்கூட இல்லை. சொல்லவில்லை. உன் பத்துப் பேரைப் போல நானும் நின்ற இடத்தில் நின்றேன்.

இங்கே வராதே, பென்சன். வரலாம் என்று நான் எழுதினால் அது விடுதிக் கடிதம்போல் ஆகிவிடும். எங்கே வேலை கிடைத்தாலும் அங்கே இரு. முகவரியை மட்டும் எனக்கு எழுது.

அம்மா மேசைமேல் மஞ்சள் தாளை எடுத்து வைத்திருக்கிறாள். நாளை சனிக்கிழமை.

ஆக்ஸிலியா